ஆறுமணிக்குருவி: தரைவாழ் வனப்பறவைகளைப் பற்றிய ஒரு பாடம்

அக்டோபர்த் திங்களில், மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவுக்குப் பின், பள்ளித் தாழ்வாரத்திலோ மருத்துவமனைப் படிக்கட்டிலோ, பலவண்ணச் சிறு பறவையொன்று சோர்ந்து ஒடுங்கியிருப்பதைத் தென்னிந்தியாவின் பல ஊர்களில் மக்கள் காண்பதுண்டு. வால் இல்லையோ என ஐயுறும் அளவுக்குக் குறுகிய வால். உடலுக்குப் பொருந்தாதவை போன்று நீண்ட கால்கள். கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுப் பறவை என்று சிலர் கருதுவர்; காயமுற்றது என்று சிலர் இரங்குவர். உண்மையில் அது பல நூறு கிலோமீட்டர் தொலைவை இரவுகளில் கடந்து வந்த நம் நாட்டு வனப்பறவையே. தமிழில் இதனை ஆறுமணிக்குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் வழங்குவர். கன்னடத்திலும் இந்தியிலும் இதற்கு நவரங்கம் என்னும் பொருளுடைய பெயர்கள் உள.

கோலார் தங்க வயலில் பணிபுரியும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இப்பறவையைப் பாடப்பொருளாகக் கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. கடல்மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டர் உயரத்தில், கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் எல்லைப் பகுதியில் இவ்வூர் அமைந்துள்ளது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். அவற்றின் சரிவுகளில் முட்புதர்க்காடும் இலையுதிர்காடும் திட்டுத்திட்டாக உள்ளன. கிழக்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் கௌண்டின்ய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. வடக்கிலிருந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தில் வரும் பறவைகளுட் பல இப்பீடபூமியைக் கடந்து செல்கின்றன. நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்ற சுரங்கத் தொழில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நின்ற பின்னர், கட்டடங்களும் தோட்டங்களும் புதர் மண்டிய வெற்று நிலங்களும் இங்கு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரு தரைவாழ் பறவைக்கு எது உதவும், எது உதவாது என்பதைக் கண்முன் ஒப்பிட்டுக் காட்ட இதனினும் ஏற்ற இடம் எளிதிற் கிடைக்காது.

உருவமும் நடையும்

இதன் நீளம் சுமார் 19 செ.மீ.; எடை 47 முதல் 66 கிராம் வரை. மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, மார்பும் வயிற்றின் பக்கங்களும் மங்கிய மஞ்சள், அடிவயிறும் வாலின் அடிப்பகுதியும் செந்நிறம். தலையின் நடுவே கருங்கோடு ஒன்று ஓடும். கண்ணின் குறுக்கே அதனினும் அகன்ற கரும்பட்டை உண்டு. தொண்டை வெண்மையானது. தோள்பட்டையில் ஒளிரும் நீலம் காணப்படும். பறக்கும்போது மட்டும் சிறகில் வெண்திட்டொன்று பளிச்சிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது.

இத்தனை வண்ணங்கள் இருந்தும் இப்பறவையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை மாணவர் முதலில் நம்பமாட்டார். ஒரு வண்ணத்தாளில் படம் வரைந்து, கத்தரித்து, மரநிழலில் சருகுகளின்மேல் வைத்துப் பத்து அடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுக. மேலிருந்து நோக்குவோர்க்குத் தெரிவது பச்சை முதுகு மட்டுமே; செந்நிறம் அடிப்புறத்தில் மறைந்துவிடுகிறது. முகத்துக் கருங்கோடுகளோ தலையின் வடிவத்தையே கண்ணுக்குப் புலப்படாமல் சிதைத்துவிடுகின்றன.

கால்களின் நீளம் தரைவாழ்வுக்கு ஏற்றது. இப்பறவை தத்தித் தத்திச் சென்று, அலகினால் சருகுகளைப் புரட்டி, அடியிலுள்ள பூச்சிகளையும் புழுக்களையும் பொறுக்கி உண்ணும். இடையிடையே குட்டை வாலை மேலும் கீழும் மெதுவாக அசைக்கும். அச்சமுற்றால் தாழ்ந்த கிளைக்குத் தாவி அசையாமல் நிற்கும். இரவில் உறங்குவது மரக்கிளையில்தான். தரைவாழ் பறவை என்றால் எப்போதும் தரையிலேயே கிடப்பது என்று மாணவர் எண்ணிவிடலாகாது. காடையும் கௌதாரியும் நிலத்தில் வாழ்பவையே. ஆயினும் அவை கோழியினத்தைச் சேர்ந்தவை. தானியமும் விதையும் உண்பவை. குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே ஓடத் தொடங்கும். ஆறுமணிக்குருவியோ காக்கை, சிட்டு முதலியவை அடங்கிய பெரும் வரிசையைச் சேர்ந்தது. இதன் குஞ்சுகள் கண் திறவாமல், இறகின்றிப் பிறந்து, கூட்டிலேயே வளர்பவை. வாழுமிடம் ஒத்திருப்பதால் உறவும் ஒத்திருக்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயரின் வரலாறு

விஞ்ஞானப் பெயரிடுதலைத் தொடங்கிவைத்த லின்னேயஸ் 1766ஆம் ஆண்டில் இப்பறவைக்குப் பெயரிட்டபோது, இதனைக் காக்கைப் பேரினத்துள் வைத்தார். 'பிராக்கியூரா' என்று இன்று வழங்கும் சிறப்பினப் பெயர் அவர் இட்ட சொல்லின் வழிவந்தது. 'குறுவாலுடையது' என்பது அதன் பொருள். நேரில் உயிருடன் காணாத பறவைக்குப் பெயரிடுவதன் இடர்ப்பாடு இதனால் விளங்கும். 1816இல் வியெய்யோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கெனத் தனிப் பேரினம் ஒன்றை அமைத்து, 'பிட்டா' என்று பெயரிட்டார்.

'பிட்டா' என்பது தெலுங்குச் சொல். 'சிறு பறவை' என்பது பொருள். கோலார் தங்க வயலின் வகுப்பறையில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலர் இருப்பர். உலகெங்கும் பறவை நூல்களில் வழங்கும் ஒரு விஞ்ஞானப் பெயர் அவர்கள் நாள்தோறும் பேசும் சொல் என்பதை அவர்களைக் கொண்டே சொல்லச் செய்க. இலத்தீனப் பெயர்கள் எல்லாம் அயலார் உடைமை என்னும் மயக்கம் அப்போது நீங்கும்.

பிட்டாக் குடும்பத்தில் இன்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் கணக்கிடப்படுகின்றன. இவற்றை மூன்று பேரினங்களாகப் பிரிப்பர். ஆப்பிரிக்காவில் இரண்டு இனங்களே உள்ளன. எஞ்சியவை இந்தியா முதல் தென்கிழக்காசியா, நியூகினி, ஆஸ்திரேலியா, சாலமன் தீவுகள் வரையிலுள்ள வெப்பநாட்டுக் காடுகளில் பரவியுள்ளன. இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் நீலப் பிட்டாவும் நீலப்பிடரிப் பிட்டாவும் கருந்தலைப் பிட்டாவும் வாழ்கின்றன. ஒடிசாவின் பித்தர்கணிகாவிலும் சுந்தரவனத்திலும் அலையாத்திக் காடுகளையே இருப்பிடமாகக் கொண்ட மற்றோர் இனம் உண்டு. தென்னாட்டில் நாம் காண்பது ஆறுமணிக்குருவி ஒன்றே.

பாடும் பறவைகளின் வரிசையில் பிட்டாக்கள் ஒரு தனிக்கிளை. குயிலிசை என்றும் கிளிப்பேச்சு என்றும் நாம் வியக்கும் திறன் எல்லாப் பறவைகளுக்கும் ஒரே வகையில் வாய்த்ததன்று. கரிச்சான், மைனா போன்றவை பிற பறவைகளைக் கேட்டுக் குரலைக் கற்கின்றன. பிட்டாக்கள் சேர்ந்த கிளையிலுள்ள பறவைகளுக்குக் குரலுறுப்பின் தசையமைப்பு எளியது. அவற்றின் பாடல் பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. இக்கிளையின் உறவினர் மிகுதியாக வாழ்வது தென் அமெரிக்காவில். அங்குள்ள காட்டுத் தரையில் எறும்புப் பிட்டாக்கள் எனப்படும் பறவைகள் நீண்ட கால்களும் குட்டை வாலும் கொண்டு நம் பறவையைப் போலவே தத்தித் திரிகின்றன. பெயரும் உருவமும் ஒத்திருப்பினும் அவை வேறு குடும்பம். ஒரே வகையான தொழில் இரு கண்டங்களில் ஒரே வகையான உடலை உருவாக்கியிருக்கிறது.

ஆறு மணியும் சூரியனும்

காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கையாக ஒலிப்பதால் ஆறுமணிக்குருவி என்னும் பெயர் ஏற்பட்டது. கூவும்போது தலையைப் பின்சாய்த்து அலகை மேல்நோக்கி உயர்த்தும். ஒன்று கூவினால் அண்மையிலுள்ள மற்றொன்று விடை கூறும். சிங்கள மக்கள் இதனை அவிச்சியா என்பர். மயில் தன் ஆடையைக் கொண்டுபோய்விட்டதென்று இக்குருவி முறையிடுவதாக அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

இப்பறவை உண்மையிலேயே ஆறு மணிக்குத்தான் கூவுகிறதா? ஷிப்டு மாறும் சங்கொலியைக் கொண்டு நாளை அளந்த ஊரில் இக்கேள்வி பொருளுடையதே. கோலார் தங்க வயலில் அக்டோபர் நடுவில் சூரியன் காலை ஏறக்குறைய 6.07க்கு எழுந்து மாலை 6.00க்குச் சற்று முன் மறைகிறது. சனவரி நடுவில் எழுவது 6.43 அளவில், மறைவது 6.09 அளவில். ஏப்ரல் நடுவில் மறுபடியும் காலை 6.05 அளவில், ஆனால் மறைவது 6.29 அளவில். பறவை கடிகாரத்தைப் பின்பற்றுவதாயின் இம்மூன்று மாதங்களிலும் ஒரே நேரத்தில் கூவவேண்டும். ஒளியைப் பின்பற்றுவதாயின் சனவரிக் காலையில் அரைமணிக்கு மேல் தாமதிக்கவேண்டும். ஏப்ரல் மாலையிலும் அவ்வாறே நேரம் தள்ளவேண்டும். மாணவர் முதற் கூவலின் நேரத்தைக் குறித்து, சூரியோதயத்துக்கு எத்தனை நிமிடம் முன்போ பின்போ என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தீட்டுவாராக. வானம் மேகமூட்டமாக இருந்ததா என்பதையும் தவறாது குறிக்கவேண்டும். ஏனெனில் மூட்டமான நாட்களில் இப்பறவை பகலிலும் கூவும். விடையை ஆசிரியர் முன்னரே சொல்லிவிடுவது பாடத்தைக் கெடுப்பதாகும்.

வந்து சேர்ந்த பறவை சில நாட்கள் கூவாமலும் இருக்கக்கூடும். ஆகவே 'இன்று கேட்கவில்லை' என்பதை 'இன்று இல்லை' என்று எழுதலாகாது. களக்குறிப்பில் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது பயிற்சியுள்ளோரும் செய்யும் பிழை.

வலசையும் அதன் இடர்களும்

இப்பறவை இனப்பெருக்கம் செய்வது இமயமலை அடிவாரத்திலும், மத்திய இந்தியாவின் குன்றுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலிருந்து கர்நாடகம் வரையிலும் ஆகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஜூன் முதல் ஆகஸ்டு வரையில், சருகும் புல்லும் கொண்டு உருண்டையான பெரிய கூட்டினைத் தரையிலோ தாழ்ந்த கிளையிலோ கட்டும். ஒரு பக்கத்தில் வட்டமான வாயில் இருக்கும். நான்கு அல்லது ஐந்து பளபளப்பான வெண்முட்டைகள்; அவற்றின்மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். மழை ஓய்ந்து காட்டுத்தரை உலரத் தொடங்கும்போது தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மீண்டும் வடக்கே செல்கின்றன.

தரையில் தத்தித் திரியும் பறவை எவ்வாறு அத்தொலைவு பறக்கிறது என்று மாணவர் வினவுவர். இதன் பறத்தல் இரவில் நிகழ்வது. நெடுந்தொலைவு பறத்தலின் களைப்பும், எதிர்காற்றும், விளக்கொளியின் மயக்கமும் சேர்ந்து பல பறவைகளை வழியில் வீழ்த்துகின்றன. சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணியாற்றிய ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியான தம் இந்தியப் பறவைகள் நூலில் இதனைக் குறித்துள்ளார். கோடையின் தொடக்கத்தில் மேற்கிலிருந்து நிலக்காற்று வலுத்து வீசும்போது இப்பறவைகள் குடிசைகளிலும் கட்டடங்களிலும் புகலடைவதாக அவர் எழுதினார். அவர் முதன்முதலிற் கண்ட ஆறுமணிக்குருவி சென்னைப் பொது மருத்துவமனையில் வந்து புகுந்ததாகும். நெல்லூரிலும் இவ்வாறு புகலடைந்தவை பலவற்றை அவர் உயிருடன் பெற்றார். ஆப்பிரிக்கப் பிட்டாவைப் பற்றியும் இத்தகைய செய்திகள் உண்டு. வலசைக் காலத்தில் இரவில் ஒளிரும் வீடுகளின்மேல் மோதி விழுந்தவை பல.

கண்ணாடிச் சன்னல்கள் இன்று எங்கும் உள்ளன. கண்ணாடியில் தெரியும் மரத்தின் நிழலை உண்மை மரமென்று எண்ணிப் பறவைகள் மோதுகின்றன. கீழே விழுந்ததைக் காக்கையோ பூனையோ நாயோ கொண்டுபோகும். சில மாணவரிடம் உண்டிவில்லும் உண்டு.

விழுந்த பறவையைக் கண்டால் செய்யத்தக்கது எளியது. துணியால் மெதுவாக மூடி எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து வைத்து மூடுக. பெட்டியை இருளான அமைதியான அறையில் வைக்கவேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. நீர் மூச்சுக்குழலிற் சென்று பறவை இறக்கும். பாலும் சோறும் அதற்கு உணவல்ல. அடிக்கடி திறந்து பார்ப்பதும், வகுப்பு முழுவதும் கைமாற்றிக் காட்டுவதும் அதன் அச்சத்தை மிகுவிக்கும். ஓரிரு மணி நேரத்தில் அது சுறுசுறுப்படைந்து பெட்டிக்குள் தத்தினால், காலையிலோ மாலையிலோ, சருகும் புதரும் உள்ள நிழலிடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நிற்க. கையிலிருந்து வானத்தில் எறிவது தவறு. சிறகு தொங்கினாலோ குருதி கசிந்தாலோ வனத்துறையினரிடமோ கால்நடை மருத்துவரிடமோ உடனே சேர்ப்பிக்கவேண்டும். காட்டுப் பறவையை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பதையும் மாணவருக்குச் சொல்லுக.

சருகின் கணக்கு

இப்பறவைக்கு வேண்டியது பெருங்காடு என்று நினைக்கவேண்டா. குளிர்காலத்தில் தோட்டம், மாந்தோப்பு, மூங்கிற்புதர், நீர்நிலைக் கரை ஆகியவை போதும். ஆனால் தரையில் சருகு இருக்கவேண்டும். அச்சருகு ஈரம் காத்து உயிரினங்கள் நிறைந்ததாக இருக்கவேண்டும். மேலே நிழல் தேவை.

இதனை அளந்து காட்டலாம். நான்கு குச்சிகளும் சணற்கயிறும் கொண்டு ஒரு மீட்டர்ச் சதுரம் அமைக்க. அதனுள் உள்ள சருகைக் குச்சியாலும் இடுக்கியாலும் சிறிது சிறிதாக வெள்ளைத் துணியில் இட்டு, காணும் உயிர்களை வகைப்படுத்தி எண்ணுக: எறும்பு, கறையான், வண்டு, சிலந்தி, மரவட்டை, நத்தை, மண்புழு. தேளும் பூரானும் இருக்கும். ஆதலின் வெறுங்கையால் துழாவலாகாது. முதற் சதுரத்தை மாமரத்தின் கீழோ புங்கமரத்தின் கீழோ அமைக்க. இரண்டாவதைத் தைலமரத் தோப்பில் அமைக்க; கோலார் மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை. மூன்றாவதை நாள்தோறும் கூட்டிப் பெருக்கும் பள்ளி முற்றத்தில் அமைக்க. மூன்றன் எண்ணிக்கைகளையும் கரும்பலகையில் எழுதினால் மாணவரே காரணம் வினவத் தொடங்குவர்.

சயனைடு மேடுகள் எனப்படும் தாதுக்கழிவுக் குவியல்களில் இச்சோதனையைச் செய்யவேண்டா. தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நுண்மண் கோடிக்கணக்கான டன் அளவில் அங்கே குவிந்துள்ளது. உலர்ந்த காற்றில் அத்துகள் பறக்கும். மூச்சுக்கு அது தீங்கானது. பழைய சுரங்க வாய்களின் அருகிலும் மாணவரை அழைத்துச் செல்லலாகாது. தொலைவிலிருந்து நோக்கினாலே போதும்: இலை உதிராத இடத்தில் சருகில்லை, சருகில்லாத இடத்தில் இப்பறவைக்கு இரையில்லை.

பள்ளித் தோட்டங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சருகைக் கூட்டி எரிப்பது வழக்கமாகிவிட்டது. தூய்மை என்று நாம் அதனைக் கொள்கிறோம். வலசைப் பறவைகள் இங்கு இரைதேடும் மாதங்களும் அவையே. முற்றத்தையும் நடைபாதையையும் பெருக்குவது தேவை. பாம்பு வாராதிருக்க வகுப்பறைச் சுவரை ஒட்டிய இடமும் தூய்மையாக இருக்கட்டும். வேலியோரத்து மரங்களின் கீழே ஒரு மூலையை மட்டும் ஏப்ரல் இறுதி வரை தொடாமல் விட்டுவைத்தால் இரண்டிற்கும் இடமுண்டு. உண்ணிச்செடியைப் பற்றியும் ஒரு சொல். அயல்நாட்டுக் களையாகிய அதனை அகற்றவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் புதரடியிலும் இப்பறவை இரை தேடுவதைப் பலர் கண்டுள்ளனர். வேறு புதர் எதுவும் இல்லாத இடத்தில் அக்டோபரில் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்ப்பதைவிட, பகுதி பகுதியாக அகற்றி, உள்நாட்டுச் செடிகளை நட்டுக்கொண்டே செல்வது எமது கருத்தில் மேலானது.

ஆறுமணிக்குருவி இன்று அழிவின் விளிம்பிலுள்ள இனமன்று. உலகப் பட்டியலில் கவலை குறைந்தவற்றுள் வைக்கப்பட்டுள்ளது. அதன் உறவினத்தின் நிலை வேறு. கர்ணி பிட்டா எனப்படும் இனம் தெற்குத் தாய்லாந்து, தெற்கு மியன்மார் ஆகிய பகுதிகளின் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழ்வது. பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல், அழிந்ததோ என்று அஞ்சப்பட்ட பின், 1986இல் தாய்லாந்தில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 2003இல் மியன்மாரிலும் காணப்பட்டது. தாழ்நிலக் காடுகள் ரப்பருக்கும் எண்ணெய்ப்பனைக்கும் இடம் கொடுத்ததே அதன் வீழ்ச்சிக்குக் காரணம். மலைச்சரிவில் காடு எஞ்சியிருந்தும் அப்பறவைக்குப் பயனில்லை. அதற்கு வேண்டியது சமவெளிக் காட்டின் தரை. அத்தகைய சமவெளியே உழவுக்கும் முதலில் உதவுவது.

குறிப்பேடு

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குறிப்பேடு வைத்து, செப்டம்பர் முதல் மே வரை எழுதிவருக. நாள், நேரம், இடம், கண்டதா கேட்டதா, மரத்தின் பெயர், தரையில் சருகு உண்டா, வானநிலை, முந்திய இரவில் மழையோ காற்றோ இருந்ததா என்பவை போதும். சோர்ந்து கிடந்ததாயின் எந்தக் கட்டடத்தின் எப்பக்கத்தில், விளக்கு எரிந்ததா, கண்ணாடி உண்டா, பின்னர் என்ன ஆயிற்று என்பவற்றையும் சேர்க்க. இறந்த பறவையையும் விடாது பதிக. ஈபேர்டு என்னும் இணையப் பதிவேட்டில் இவற்றைச் சேர்த்தால் பிற ஊர்க் குறிப்புகளுடன் ஒப்பிட இயலும். எனினும் தாளில் எழுதிய மூலக்குறிப்பைப் பள்ளியிலேயே வைத்திருக்கவேண்டும். அடுத்த ஆண்டு மாணவர் அதனைப் புரட்டி, 'சென்ற முறை முதற் குரல் எந்நாள் கேட்டது?' என்று தேடும்போது அது கையில் இருக்கவேண்டும்.